பதினொன்றாம் எண் பெட்டி

இது நடந்தது. நம்புகிறவர்கள் நம்பலாம், சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம். சாட்சிக்கு ஒரு சாண் நீளத்தில் காகிதம் இருக்கிறது; அதில் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கின்றன. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டு வைக்கவில்லை. இது வந்தது பட்டப்பகலில், மேஜைமேல் டீ ஆறிக்கொண்டிருந்த ஓர் அறையில். சரியாகச் சொன்னால் பிற்பகல் மூன்று மணி நான்கு நிமிடத்துக்கு.

அந்த அறை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. சுவரில் நான்கு திரைகள். மூன்றாவது மாடியில், நெஞ்சில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் ஒவ்வொருவர் கழுத்திலும் சோப்புக்கட்டி அளவுக்கு ஒரு பெட்டி தொங்கும். அதிலிருந்து ஒயர்கள் இறங்கி நெஞ்சில் ஒட்டியிருக்கும். அவர்களுடைய இதயத் துடிப்பு வார்டுக் கூரையில் உள்ள ஏரியல் வழியாகக் கீழே வந்து திரையில் ஓடும். பெட்டிக்கு ஓர் எண், எண்ணுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் ஒரு பச்சைக் கோடு. கோடு கோணினால் மணி அடிக்கும். மணி வீணாக அடிக்கிறது என்று தெரிந்தால், ஒரு பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடம் அதன் வாயை அடைக்கலாம். இந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவளுக்கு வேலை. பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறாள். வார்டில் எல்லோருக்கும் அவள் மானிட்டர் அக்கா.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுபோனது. கதவை நெம்பித் திறந்தவர் அவர், உள்ளே வியர்த்துப்போய் நின்றவள் அவள். திறந்துவிட்டதோடு போயிருக்கலாம். கல்யாணத்தில் வந்து முடிந்தது. "உன்னைத் தூக்கி விட்டதே நான்தான்" என்று பத்து வருஷமாக அதையே சொல்லிச் சீண்டிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இல்லை. அந்தக் குறையைப் பேச்சில் காட்டிக்கொள்ளாமல் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிள்ளைபோலப் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, வேலையில் உட்கார்ந்துவிட்டால் மதியச் சாப்பாடு மறந்துபோகும். அதனால் எங்கே, எந்த லிஃப்டுக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாலும், மூன்று மணி வாக்கில் அவரிடமிருந்து போன் வந்துவிடும். "சாப்பிட்டியா?" அவ்வளவுதான், வைத்துவிடுவார்.

அவருடைய வலது நுரையீரலில் ஒரு கட்டி என்று தெரிந்தது. கீழ்ப்பகுதியை வெட்டி எடுத்தார்கள். ஆபரேஷன் அறையிலிருந்து வெளியே வந்த சர்ஜன் அவளிடம் நல்ல சேதிதான் சொன்னார்.

"நுரையீரல்ல வேலை சுத்தமா முடிஞ்சுதும்மா. இனிமே இதயத்தைத்தான் பார்க்கணும். பக்கத்துல கத்தி வெச்சா அது சும்மா இருக்காது. ரெண்டாம் நாள், மூணாம் நாள்தான் முரண்டு பிடிக்கும். அதைத் தாண்டிட்டா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்."

இரண்டு நாள், மூன்று நாள். அதைத் தாண்ட வேண்டும். அவள் வாழ்க்கையில் அதைத் தவிர வேறு எதுவும் அப்போது இல்லை.

சொந்தக்காரர்களின் கோட்டை யாரும் பார்க்கக்கூடாது என்று அந்த அறையில் ஒரு விதி உண்டு. கை நடுங்கும், கண் பொய் சொல்லும் என்பதற்காக வைத்த விதி. அவள் கணவருக்குக் கொடுத்தது பதினொன்றாம் எண் பெட்டி. அந்தத் திரை, அவளோடு வேலை பார்க்கும் பெரியவரின் பொறுப்பு. நாள் முழுக்கக் கொட்டாவி விடுவதால் அவருக்குக் கொட்டாவி என்றே பெயர். அவள் அவரிடம் கெஞ்சினாள்.

"அண்ணே, அந்தத் திரையை எங்கிட்டக் குடுத்துடுங்க. நான் பார்க்காம யாரு பார்ப்பா?"

"விதி இருக்கேம்மா."

"யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் இளகிய மனசுக்காரர். எழுந்து நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்.

முதல் நாளே மணி அடித்தது. பதினொன்றாம் கட்டத்தில் அடுத்தடுத்து மூன்று கூர்மையான எழும்பல்கள். அவளுக்கு உயிரே போய்விட்டது. மேலே போன் செய்தாள். நர்ஸ் சிரித்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. உங்க வீட்டுக்காரர் நெஞ்சுல ஒட்டியிருக்கற ஸ்டிக்கரை விரலால தட்டறார். தட்டினா உங்களுக்குத் தெரியும்னு கண்டுபிடிச்சுட்டாராம். மூணு தட்டு தட்டினா 'சாப்பிட்டியா'ன்னு அர்த்தமாம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பதில் சொல்லவும் ஒரு வழி ஏற்பாடாயிற்று. அவள் வார்டு போனை ஒரு மணி மட்டும் அடித்து வைத்துவிட வேண்டும். சாப்பிட்டாயிற்று என்று பொருள். நர்ஸ் அவரைப் பார்த்து "உங்களுக்குத்தான்" என்பாள். அன்றைக்கு நாலு தடவை தட்டினார். நாலு தடவையும் மெஷின் அலறியது. நாலு தடவையும் அவள் பொத்தானை அழுத்தி அதன் வாயை அடைத்தாள்.

இரண்டாம் நாள். 3.04.

மூன்று எழும்பல்கள். மணி அடித்தது. அவள் சாப்பிட்டிருக்கவில்லை. டிபன் டப்பா திறக்காமலே பைக்குள் இருந்தது. ஆனாலும் பொத்தானை அழுத்திவிட்டு, போனை எடுத்து ஒரு மணி அடித்து வைத்தாள். அவர் நிம்மதியாக இருக்கட்டும் என்று சொன்ன சின்னப் பொய்.

3.06. வாயடைப்பு முடிந்து மணி மறுபடி அடித்தது. மறுபடியும் மூன்று. "இந்த மனுஷனுக்குக் கொழுப்பு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே மறுபடி அழுத்தினாள்.

3.07. மணி அடிக்கவில்லை, அவள்தான் அதை அடைத்து வைத்திருந்தாளே. கண்ணால் பார்த்தாள். கோடு அகன்று, விரிந்து, கட்டம் முழுக்கப் பொங்கிக்கொண்டிருந்தது. விரலால் அப்படித் தட்ட முடியாது.

போனில் கத்திவிட்டு ஓடினாள். லிஃப்ட் மேலே எங்கேயோ இருந்தது. கீழே இறங்கி வர ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆயிற்று. அவர் எண்ணெய் போட்டுப் பார்த்துக்கொண்ட லிஃப்ட்தான். மேலே போனபோது அவர் படுத்திருந்த ஜன்னலோரப் படுக்கையைச் சுற்றித் துணித்திரை இழுத்திருந்தார்கள்.

3.41க்கு முயற்சியை நிறுத்திக்கொண்டார்கள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். பிறகு ஒருநாள் சர்ஜன் அந்த நேரத்துப் பதிவுக் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். முதல் மூன்று எழும்பல்கள் அவள் கணவர் விரலால் தட்டியதா, இதயம் தடுமாறியதா? தட்டியது என்றால் அவள்மேல் தப்பில்லை, துடிப்பு கெட்டது அதற்குப் பிறகுதான். இதயம் என்றால், அது மூன்று நிமிடம் கூப்பிட்டிருக்கிறது. அவள் அதன் வாயை இரண்டு முறை பொத்தியிருக்கிறாள்.

"எனக்கே தெரியலம்மா. ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றார் சர்ஜன்.

அந்தக் கேள்வியோடு ஆறு வாரம் வீட்டில் கிடந்தாள். விரலா, இதயமா. விரலா, இதயமா. பள்ளி வேன் ஓட்டும் கொழுந்தன் தினமும் வந்து சாப்பாடு வைத்துவிட்டுப் போவான். அவள் இரண்டு வாய் தின்றுவிட்டு மூடிவைப்பாள்.

ஆறு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினாள். பதினொன்றாம் கட்டம் காலியாக இருந்தது. "பெட்டி இல்லை" என்று சாம்பல் நிற எழுத்தில் இருந்தது. அன்றைய களேபரத்தில் அந்தப் பெட்டி எங்கோ போய்விட்டதாம். காணவில்லை என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார்கள். அவள் அந்தக் கட்டத்தைப் பார்க்காமல் மற்றதையெல்லாம் பார்த்தாள்.

3.04க்கு ஸ்பீக்கரில் ஒரு சத்தம். டிக். திரும்பிப் பார்த்தாள். சாம்பல் எழுத்து ஒரு தடவை மறைந்து மறுபடி வந்தது. மின்சாரம் ஏறி இறங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை, 3.04. டிக். சாம்பல் எழுத்து போய்விட்டது. பச்சைக் கோடு ஒன்று ஓடத் தொடங்கியது. துடிப்பில்லாத வெறும் கோடு. அதில் திடீரென்று…

மூன்று எழும்பல்கள்.

பக்கத்தில் கொட்டாவி விட வாயைத் திறந்தவர் மூடாமலே இருந்தார்.

"உனக்கும் தெரியுதாம்மா?"

"தெரியுதுண்ணே."

மெஷின் பார்க்கிறவரைக் கூப்பிட்டார்கள். அவர் பின்பக்க அலமாரியைத் திறந்து, பதினொன்றாம் எண்ணுக்கான சிக்னலை வாங்கும் கார்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "பெட்டியே இல்ல. இருந்தாலும் பேட்டரி ரெண்டு நாளைக்கு மேல தாங்காது. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டினா சிக்னல் வரவும் வராது. பழைய மெஷின், ஏதோ உளறுது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சட்டைப்பைக்குள் கார்டு போவதை அவள் பார்த்தாள்.

புதன்கிழமை, 3.04.

கார்டு இல்லாத கட்டத்தில் கோடு ஓடியது. மூன்று எழும்பல்கள். பிறகு சும்மா. மறுபடி மூன்று. பிறகு சும்மா… பதிலுக்குக் காத்திருப்பதுபோல.

மணி மட்டும் அடிக்கவில்லை.

அறையில் கிரீஸ் வாசனை. லிஃப்ட் கம்பிக்குப் போடும் கிரீஸ். கணவர் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத அதே வாசனை.

அவள் கை போனை நோக்கிப் போனது. ஒரு மணி அடித்தால் போதும். ஆனால் அன்றும் அவள் சாப்பிட்டிருக்கவில்லை. போன தடவை அடித்த பொய்யை நினைத்தாள். கை அப்படியே நின்றது.

அச்சுப் பொத்தானைத்தான் அழுத்தினாள். காகிதம் ஒரு சாண் நீளத்துக்கு வெளியே வந்தது. ஓரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுகூடப் பார்க்காமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை.

3.04. டிக்.

மூன்று.

மூன்று.

மூன்று.

நிற்கவில்லை. முன்பு இருந்த நிதானம் இல்லை. அவசரம். கதவைத் தட்டுகிற அவசரம்.

மற்ற கட்டங்களைப் பார்த்தாள். எல்லாக் கோடுகளும் ஒழுங்காக ஓடின. நாலாம் எண் பெட்டி, கணக்கு டீச்சர். நுரையீரலில் ஒரு பகுதி எடுத்து இரண்டாம் நாள். அழகான துடிப்பு. டீச்சர் படுத்திருந்தது…

ஜன்னலோரப் படுக்கை.

மூன்று. மூன்று. மூன்று.

"அண்ணே, பார்த்துக்குங்க."

எழுந்து ஓடினாள்.

லிஃப்ட் கீழேயே நின்றது. கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. அவள் ஏறினாள். பொத்தானை நோக்கிக் கை போவதற்குள் கதவு மூடியது.

மூன்றாம் மாடியில் திறந்தது.

3.05.

ஜன்னலோரத்தில் வெயில் விழுந்திருந்தது. டீச்சர் தலையணையை இரண்டு கையாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தார். எதிரே பிசியோ பெண் நின்றிருந்தாள். சளி தங்காமல் இருக்க நுரையீரல்காரர்கள் எல்லோரையும் தினமும் இப்படி இரும வைப்பார்கள்.

"என்னக்கா, மூச்சு வாங்க வந்து நிக்கறீங்க?"

"ஷாக் மெஷினைக் கொண்டா."

"எதுக்கு? நல்லாத்தானே இருக்காங்க?"

"கொண்டான்னு சொல்றேன்."

டீச்சர் சிரித்தார். "எனக்கு ஒண்ணும்…"

கண் மேலே செருகியது.

3.07.

மெஷின் அப்போது கட்டிலை ஒட்டியே நின்றிருந்தது. ஒரே ஷாக். டீச்சருக்கு மூச்சு வந்தது. வந்ததும், தலையணை எங்கே என்று கேட்டார்.

கீழே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த கொட்டாவி அண்ணன் பிற்பாடு சத்தியம் செய்தார். 3.07 வரைக்கும் நாலாம் கட்டத்தில் ஒரு துளி கோளாறு இல்லை. எந்தக் கண்ணாலும், எந்த மணியாலும் முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாது. அவள் ஓடிய மறு விநாடி பதினொன்றாம் கட்டத்தில் கோடு நின்று, சாம்பல் எழுத்து வந்துவிட்டதாம்.

பிசியோ பெண் வராந்தாவில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கும் இதே மாதிரிதான்க்கா. நான் உங்ககிட்டச் சொல்லணும்னு நெனச்சேன், தைரியம் வரல. உங்க வீட்டுக்காரருக்கு மூணு மணிக்கு இருமப் பழக்கிட்டு இருந்தேன். நல்லா ஜோக் அடிச்சுட்டு இருந்தார். மூணு அஞ்சுக்குத்தான் பக்கத்துப் படுக்கைக்குப் போனேன்."

"மூணு நாலுக்கு நீ அவர்கிட்டயே இருந்தியா?"

"ஆமா. இப்ப டீச்சர் பிடிச்சுட்டு இருந்தாங்களே, அதே மாதிரி தலகாணியை இறுக்கிக் கட்டிப் பிடிச்சுட்டு இருந்தார்."

"ரெண்டு கையாலயுமா?"

"ரெண்டு கையாலயும். அப்ப வார்டு போன் ஒரு மணி அடிச்சு நின்னுச்சு. யாரும் கேக்காமலே பதில் வருதேன்னு சொல்லிச் சிரிச்சார்."

ஆறு வாரமாக அவள் தேடியது கிடைத்துவிட்டது. இரண்டு கையும் தலையணையில். விரல் இல்லை. இதயம்தான். அது கூப்பிட்டது, அவள் சிரித்துக்கொண்டே அதன் வாயைப் பொத்தினாள். வராந்தாச் சுவரில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். அவர் போன அன்றுகூட அப்படி அழவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது கொழுந்தன் சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் பயந்துபோனான். உள்ளே உட்கார வைத்து நாலு நாளாக நடந்ததையெல்லாம் அவனிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் முகம் வெளுத்தது. பதினொன்றாம் எண் என்று சொன்னபோது எழுந்தே விட்டான்.

"அண்ணி. அந்தப் பெட்டி காணாமப் போகல."

"என்ன சொல்ற?"

"உடம்பைக் குடுக்கறப்ப ஆஸ்பத்திரி அங்கியோட பையிலயே கிடந்துச்சு. யாரும் கவனிக்கல. திருப்பிக் குடுக்கத்தான் எடுத்தேன். ஆனா முத நாள் அண்ணன் எங்கிட்ட அதைக் காட்டி, 'இதுதாண்டா எனக்கும் உங்க அண்ணிக்கும் போனு, எங்க இருந்தாலும் தட்டிக் கேட்டுடுவேன்'னு சொல்லியிருந்தார். எனக்கு மனசு கேக்கல. அவரோட சட்டைப்பையில வெச்சுட்டேன். அதோடயேதான் புதைச்சோம்."

அவள் பைக்குள் இருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தாள். முதல் தடவையாக ஓரத்தில் அச்சாகியிருந்ததைப் படித்தாள்.

பெட்டி எண் 11. நேரம் 3.04. பேட்டரி: முழு அளவு.

"எந்தப் பக்கத்துப் பை?"

"இடது பக்கம், அண்ணி."

அவள் அந்த மூன்று எழும்பல்களை விரலால் தடவிப் பார்த்தாள். அன்றைக்குத் தட்டியது இதயம். அது ஆறு வாரத்துக்கு முன்பு, 3.41க்கு நின்றுவிட்டது. அப்படியென்றால் இது விரல்தான்.

காகிதத்தை மடித்து வைத்தாள். எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்து, டப்பாவைத் திறந்து, தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கொழுந்தன் பார்த்துக்கொண்டே நிற்க, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தாள். பிறகு போனை எடுத்து வார்டு எண்ணுக்கு ஒரு மணி மட்டும் அடித்து வைத்தாள்.